சேவைக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்பவர்களுக்கு

"சேவை செய்ய எதற்கு லைசென்ஸ்?" மலேசியாவில் சமூகப்பணியாளர்களைப் பதிவு செய்து உரிமம் வழங்கும் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். கோயில் நிர்வாகங்களிலும், பொது இயக்கங்களின் கூட்டங்களிலும், கட்சிக் கிளைகளிலும் இதே கேள்வி. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலோர் சொந்தக் காசைச் செலவழித்து ஊருக்கு உழைப்பவர்கள். ஆனாலும் அவர்களுடைய கருத்து தவறு. தோட்டத்து ஏழைகளின் விஷயத்தில் அது ஆபத்தான தவறு.

அவர்கள் தரப்பை முதலில் முழுமையாக வைத்துவிடுகிறேன். தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஓடி வருகிறவர் சான்றிதழ் காட்டிவிட்டா வருகிறார்? பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுக்கப் பட்டம் வேண்டுமா? இந்த நாட்டில் நம் சமுதாயம் நிமிர்ந்ததே தன்னார்வலர்களால்தான். தொழிற்சங்கம் வளர்த்தவர்கள், தமிழ்ப்பள்ளி கட்டியவர்கள், கெடாவில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை மறித்தவர்கள் யாரும் எந்த வாரியத்திலும் பெயர் பதிந்தவர்கள் அல்லர். இனிச் சட்டம் போட்டு, தேர்வு வைத்து, கட்டணம் வாங்கி உரிமம் கொடுத்தால் பட்டணத்துப் பட்டதாரி உள்ளே வருவார். ஆயுள் முழுக்க ஊருக்கு உழைத்தவர் வெளியே நிற்பார். இதுதான் அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பின்னணி சுருக்கமாக. மலேசிய சமூகப்பணியாளர் சங்கம் 1973-இல் தோன்றியது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975-இலேயே சமூகப்பணிப் படிப்பைத் தொடங்கியது. சமூகப்பணியாளருக்கான தகுதி வரையறைகளுக்கும், அவர்களைப் பதிவு செய்யும் சட்டத்துக்கும் 2010-இல் அமைச்சரவை இசைவு தந்தது. தொழிலுக்கு ஒரு மன்றம், பதிவேடு, பணிபுரியும் சான்றிதழ், நடத்தை விதிகள், விதி மீறியவரை விசாரிக்கும் குழு ஆகியவைதான் அந்த முன்மொழிவின் சாரம். அமைச்சர்கள் மாறி மாறி 'விரைவில்' என்றார்கள். 2024-ஆம் ஆண்டு முடியும்வரை அது நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை. மனநல ஆலோசகர்களுக்கோ 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சமூகப்பணி மட்டும் இத்தனை காலம் காத்துக் கிடப்பதற்கு அரசின் மெத்தனம் ஒரு காரணம். 'நல்ல மனம் போதும்' என்று நாமே நம்பிக்கொண்டிருப்பது இன்னொரு காரணம்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை வைத்து இதைப் பேசுகிறேன். 'தெரிந்தவர் உதவினால் போதும்' என்ற வாதம் மிக வலுவாகத் தோன்றும் இடம் அதுதான். அங்கேயே அது நிற்கவில்லை என்றால் வேறெங்கும் நிற்காது.

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் தமிழர்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கங்களில் இருக்கிறார்கள். பலர் தோட்டத்தைவிட்டுக் காய்கறிப் பண்ணைகளுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். தேயிலைச் சரிவுகளில் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். சுற்றிலும் செமாய் பழங்குடியினரின் கிராமங்கள். மருத்துவமனைக்குத் தானா ராத்தாவுக்கு வர வேண்டும். மாநிலத் தலைநகரான குவாந்தானுக்கோ மலையிறங்கி மணிக்கணக்கில் பயணம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர், கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர் மூவரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கலாம். சில இடங்களில் ஒரே ஆளாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் உதவி தேடுகிறவர் உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதில்லை. யார் கிடைக்கிறாரோ அவர்தான். தேர்ந்தெடுக்க வழியில்லாதவருக்காகச் சட்டம்தான் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றே. இனி அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. "இது வெறும் உதவிதானே, இதற்கு ஏன் சட்டம்?"

உதவி என்று சொல்லிச் சொல்லியே அதற்குள் இருக்கும் அதிகாரத்தை மறந்துவிட்டோம். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின்படி, பாதுகாப்பாளராகச் செயல்படும் சமூகநல அதிகாரி ஒரு குழந்தைக்குப் பாதுகாப்புத் தேவை என்று நம்பக் காரணம் இருந்தால் அதைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். 2017-இல் திருத்தப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, அதிகாரம் பெற்ற சமூகநல அதிகாரி அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். நீதிமன்றம் போகாமலே அந்த ஆணை 7 நாள் செல்லும். அடிக்கிற கணவனை வீட்டுக்குள் நுழையாமல் தடுக்கலாம். சட்டத்தோடு மோதிய பதினைந்து வயதுப் பையனைப் பெற்றோரிடம் அனுப்புவதா, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும்போது, நன்னடத்தை அதிகாரி எழுதிய அறிக்கையைப் பார்த்தே முடிவெடுக்கிறது.

தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது, புருஷனை வீட்டு வாசலில் நிறுத்துவது, ஒரு பையனின் வருங்காலத்தை நான்கு பக்கத்தில் எழுதுவது என்று இத்தனையும் இந்தத் தொழிலில் அடக்கம். இவற்றைச் செய்பவர்கள் அரசு ஊழியர்கள், அவர்களுக்குச் சேவை விதிகள் இருக்கின்றன என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அந்த நாற்காலியில் உட்காரச் சமூகப்பணிதான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. வேறு துறைப் பட்டதாரிகளும் அதில் அமர்கிறார்கள். அதோடு, அதிகாரி மலைக்கு மேலே வந்து பார்ப்பதற்கு முன் அவருக்குத் தகவல் சொல்பவரும், பிள்ளையை இடைக்காலத்தில் வைத்துக்கொள்பவரும், குடும்பத்தோடு பேசுபவரும் பெரும்பாலும் இயக்கத்துக்காரர்கள், இல்லம் நடத்துபவர்கள். அவர்களுக்குச் சேவை விதிகூடக் கிடையாது. சட்டம் கொடுக்கும் அதிகாரத்துக்குச் சட்டமே தகுதியும் கேட்க வேண்டும்.

2. "நல்ல மனமும் ஊர் அனுபவமும் போதும்."

நல்ல மனம் செய்யும் சேதத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. தோட்டத்தில் வழக்கமாக நடப்பவற்றிலிருந்து மூன்றைச் சொல்கிறேன்.

சாம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான் ஒருவன். பெரியவர்கள் கூடுகிறார்கள். இருவரையும் கோயிலில் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். அவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறான். அவளைச் சமாதானம் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அனைவருக்கும் மனநிறைவு. ஆனால் அவள் வாய் திறந்து புகார் சொன்ன பிறகு வரும் நாள்கள்தான் அவளுக்கு மிக ஆபத்தானவை என்பது இந்தத் துறையில் பயிற்சி பெற்ற எவருக்கும் முதல் பாடம். அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே இடத்தில் வைத்து விசாரிக்கக் கூடாது என்பது இரண்டாவது பாடம். லயத்து வீடு கணவனுடைய வேலையோடு கட்டுண்டது, ஆகவே அவள் எங்கே தூங்குவாள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பது தோட்டம் கற்றுத் தரும் பாடம். நல்ல மனத்துக்கு இவை தாமாகத் தெரிவதில்லை.

அடுத்தது பத்திரம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் 1982 மார்ச் 1 முதல் கட்டாயமாகப் பதியப்பட வேண்டும். தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்ட தம்பதிகள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர்களுடைய பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்தது. தாய் வெளிநாட்டுக்காரி என்றால், தகப்பன் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருந்தாலும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்கும். 2011-இல் இந்தியர்களுக்காக மைடஃப்தார் பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தது இப்படிச் சிக்கியவர்கள் நம்மிடையே இருந்ததால்தான். இங்கே உதவ வருகிறவர் பிறந்த இடத்தையோ பெற்றவள் பெயரையோ 'சமாளித்து' எழுதிவிட்டால் அந்தப் பொய் கோப்பில் ஏறிவிடும். உண்மையைச் சொல்லப் பின்னொரு நாள் முயலும்போது அந்தப் பிள்ளைதான் பொய்யன் ஆகிறான். எழுதிக் கொடுத்தவர் நல்லவர்; அவர் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

மூன்றாவது, பேசவே கூசும் விஷயம். ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்கிறாள். அத்தை கேட்கிறார், ஆசிரியை கேட்கிறார், கோயில் அக்கா கேட்கிறார், இயக்கத்து அண்ணன் கேட்கிறார். ஒவ்வொருவரும் அன்போடுதான் கேட்கிறார்கள். ஐந்தாவது முறை சொல்லும்போது வார்த்தைகள் மாறியிருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த மாற்றமே போதும். சிறார் சாட்சியைப் பாதுகாக்க 2007-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. வாக்குமூலத்தைக் காணொளியில் பதிவு செய்ய வழி இருக்கிறது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. இவை எதுவும் தெரியாமல் 'குடும்ப மானம்' என்று மூடி மறைப்பவரும் நல்ல மனத்தோடுதான் மூடுகிறார்.

3. "தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஊரே கண்காணிக்கும்."

எல்லாருக்கும் எல்லாம் தெரிவதுதான் அங்கே சிக்கல். ரகசியம் காப்பதென்பது சமூகப்பணியின் முதுகெலும்பு. ஒரு பெண் தன் கருவைப் பற்றியோ, ஓர் ஆண் வட்டிக்காரனிடம் பட்ட கடனைப் பற்றியோ சொன்னது மறுநாள் காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக் களத்தில் பேச்சாகிவிட்டால், அடுத்தவர் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உதவிப் பொட்டலம் கொடுக்கும்போது வாங்குபவரின் முகத்தோடு படம் பிடித்துப் பத்திரிகைக்கும் முகநூலுக்கும் அனுப்பும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற தொழிலில் அது நடத்தை விதி மீறல்; விசாரணைக்குரிய குற்றம். நம்மிடம் அது விழா.

ஊர் கண்காணிக்கும் என்பவர்களிடம் ஒரே கேள்வி: உதவியவர் தவறு செய்தால் அந்த ஏழை எங்கே போய்ச் சொல்ல வேண்டும்? மருத்துவர் தவறினால் மருத்துவ மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தவறினால் ஒழுங்கு வாரியம் இருக்கிறது. மனநல ஆலோசகர் தவறினால் வாரியம் இருக்கிறது. தன்னைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் செய்த தவறுக்கு எந்த வாரியமும் இல்லை. பட்டணத்தில் இருக்கும் படித்தவர் வக்கீல் வைத்து வழக்குப் போடுவார். லயத்தில் இருப்பவர் யாரால் பாதிக்கப்பட்டாரோ அவரையே மறுபடியும் கும்பிட வேண்டும், ஏனெனில் அடுத்த மாதத்து அரிசியும் அவர் கையில்தான்.

கண்காணிப்பு இல்லாத கருணை எதுவரை போகும் என்பதை 2024 செப்டம்பர் 11 அன்று நாடே பார்த்தது. சிலாங்கூர், நெகிரி செம்பிலான் மாநிலங்களில் 20 இல்லங்களில் நடந்த சோதனையில் 402 சிறார் மீட்கப்பட்டார்கள். அவர்கள் மீது பாலியல் கொடுமைகள் நடந்தன என்ற புகார்களின் பேரில் நடந்த சோதனை அது. நல இல்லங்களை ஒழுங்குபடுத்த 1993-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. கட்டடத்தைப் பதியும் அந்தச் சட்டம், உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் பயிற்சி பெற்ற சமூகப்பணியாளரா என்று கேட்பதில்லை.

4. "ஏற்கெனவே ஆளில்லை. உரிமம் கேட்டால் வருகிறவர்களும் வரமாட்டார்கள்."

பற்றாக்குறை உண்மை. மலேசியாவில் 8,756 பேருக்கு ஒரு சமூகப்பணியாளர் என்பது இந்த விவாதத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. சிங்கப்பூரில் 3,448 பேருக்கு ஒருவர். அமெரிக்காவில் 490 பேருக்கு ஒருவர். ஆனால் இந்தக் கணக்கை உரிமத்துக்கு எதிராகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 8,756 என்ற நிலை உரிமம் இல்லாத நாட்டில் வந்த நிலை. 490 என்பது மாநிலந்தோறும் உரிமம் கேட்கும் நாட்டின் நிலை. உரிமம்தான் ஆளை விரட்டுகிறது என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அமெரிக்காவின் செல்வமும் இதற்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் செல்வமில்லாத ஒரு நாட்டையும் சொல்கிறேன்: பிலிப்பைன்ஸ் 1965-லேயே சமூகப்பணிக்குத் தேர்வும் பதிவும் சட்டமாக்கிவிட்டது. உரிமம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

நம் பல்கலைக்கழகங்கள் 1975-இலிருந்து சமூகப்பணிப் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றன. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத, யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு தொழிலில் அவர்கள் எதற்காகத் தங்க வேண்டும்? சம்பளப் படிநிலை இல்லை, உயர்வுக்கான பாதை தெளிவில்லை, 'சேவைதானே, இலவசமாகச் செய்யுங்கள்' என்ற எதிர்பார்ப்பு வேறு. எனவே அவர்கள் வங்கிக்கும் மனிதவளத் துறைக்கும் போகிறார்கள். பற்றாக்குறையை உண்டாக்கியதில் 'நல்ல மனம் போதும்' என்ற கருத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆளில்லை என்பதற்காக ஏழைக்கு மட்டும் தரம் குறைந்ததைத் தரலாம் என்ற எண்ணம் தோட்டத்தில் புதிதல்ல. தரம் குறைந்த வீடு, தரம் குறைந்த தண்ணீர், தரம் குறைந்த பள்ளி என்று நம் முன்னோர் பார்த்ததெல்லாம் 'இப்போதைக்கு இது போதும்' என்ற பேச்சின் பெயரால்தான். குறைந்தபட்ச வீட்டுத் தரத்தையும் வசதிகளையும் சட்டத்தில் எழுதி வைக்க 1990 ஆனது. குறைந்தபட்சம் என்ற ஒன்று சட்டத்தில் எழுதப்படும்வரை தோட்டத்துக்கு யாரும் தானாகத் தருவதில்லை.

5. "பட்டமில்லாத நம் பிள்ளைகளை இது வெளியே தள்ளும்."

இந்த ஒன்றுக்குத்தான் நான் பாதி தலையசைக்கிறேன். மோசமாக எழுதப்பட்ட உரிமச் சட்டம் இதைச் செய்யும். அமெரிக்காவில் உரிமத் தேர்வுகளை நடத்தும் அமைப்பு 2022-இல் தன் முடிவுகளை இனவாரியாக வெளியிட்டது. மருத்துவநிலைச் சமூகப்பணித் தேர்வில் முதல் முயற்சியிலேயே வென்றவர்கள் வெள்ளையரில் எண்பது விழுக்காட்டுக்கு மேல்; கறுப்பினத்தவரில் பாதிக்கும் குறைவு. எழுத்துத் தேர்வு ஒன்றையே வாசலாக வைத்தால் யார் வெளியே நிற்பார்கள் என்பதற்கு அது சாட்சி. மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் தேர்வு வைத்து, ஐந்து மணி நேரப் பயணத்தில் தேர்வு மையம் அமைத்தால், கேமரன் மலையில் தமிழில் அழுகிற ஒருவருடைய அழுகையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆளைத்தான் முதலில் இழப்போம்.

ஆனால் இதற்கு விடை இந்த நாட்டிலேயே, அதுவும் தோட்டத்திலேயே இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்து, காயம் கட்டி, காய்ச்சல் பார்த்த டிரசரை நினைத்துப் பாருங்கள். அவர் மருத்துவப் பட்டதாரி அல்லர். ஆனாலும் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, 1966-இல், மருத்துவச்சிகள் சட்டம். பிள்ளைப்பேறு பார்த்துப் பழகிய கிராமத்து மருத்துவச்சிகளை அரசு ஒரே நாளில் விரட்டிவிடவில்லை. அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்து, சுத்தம் சொல்லிக் கொடுத்து, எந்த நிலையில் கைவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று பயிற்சி கொடுத்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை மறுபக்கம் பெருக்கியது. பிரசவத்தில் தாய்மார் சாவது இந்த நாட்டில் பெருமளவு குறைந்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். அன்றும் 'எத்தனை பிள்ளைகளை என் கையால் எடுத்திருக்கிறேன், எனக்கு எதற்குப் பதிவு?' என்று கேட்டிருக்க முடியும். கேள்வியில் நியாயம் இருந்திருக்கும். ஆனால் பதிவு வந்ததால் பிழைத்த தாய்மார்கள் அந்த நியாயத்தைவிடப் பெரியவர்கள்.

அனுபவத்தைக் கல்வித் தகுதியாகக் கணக்கிடும் அபெல் முறை மலேசியத் தகுதி ஆணையத்திடம் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஆயுள் முழுக்க ஊருக்கு உழைத்தவர் உள்ளே வர அதைத் திறந்துவிடுங்கள். இரண்டு படிநிலை வையுங்கள்: முழு உரிமம் பெற்ற சமூகப்பணியாளர், அவர் மேற்பார்வையில் பணிபுரியும் பதிவு பெற்ற உதவியாளர். தோட்டத்தில் பிறந்து, படிவம் ஐந்து முடித்து, தமிழும் மலாயும் பேசும் பெண் உதவியாளராகத் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே மேலே ஏறட்டும். இதையெல்லாம் கேட்டு வாங்குவதுதான் நம் வேலை. சட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கேட்கும் இடத்தையே இழந்துவிடுகிறோம்.

6. "அரசு இதை வைத்துப் போராடுபவர்களை அடக்கும்."

எதிர்வாதங்களில் மிகக் கனமானது இது. தட்டிக் கழிக்க முடியாதது. சுங்கை சிப்புட் தோட்டங்களில் 'அலைகள்' அமைப்பு மூலம் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவருடைய தோழர்களும் மக்களைத் திரட்டியபோது எந்த உரிமமும் வைத்திருக்கவில்லை. வைத்திருக்கத் தேவையுமில்லை. நாளை ஓர் அமைச்சர், 'உரிமம் இல்லாமல் தோட்ட மக்களிடம் பேசியது குற்றம்' என்று சொல்லக்கூடிய சட்டம் வந்தால் அதை முதலில் எதிர்ப்பவர்களில் நானும் இருப்பேன்.

ஆனால் உரிமச் சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. 'சமூகப்பணியாளர்' என்ற பெயரைக் காக்கலாம். தகுதியில்லாதவர் அதைச் சூட்டிக்கொள்வதைத் தடுக்கலாம். அதோடு, ஆபத்தான சில பணிகளை மட்டும் உரிமம் பெற்றவருக்கென ஒதுக்கலாம்: குழந்தையைப் பிரிக்கும் மதிப்பீடு, வன்முறை ஆபத்து மதிப்பீடு, தத்து கொடுப்பதற்கான குடும்ப ஆய்வு, நீதிமன்ற அறிக்கை. அரிசி கொடுப்பது, சீருடை வாங்குவது, சங்கம் சேர்ப்பது, சம்பள உயர்வு கேட்டுக் கொடி பிடிப்பது, கோயிலில் அன்னதானம் போடுவது எதுவும் அந்தப் பட்டியலில் வரக் கூடாது. மருத்துவர்களுக்கு உரிமம் இருப்பதால் பாட்டி கஷாயம் வைப்பது நின்றுவிடவில்லை. அறுவைச் சிகிச்சை மட்டும் பாட்டியின் கைக்குப் போவதில்லை. அந்தக் கோட்டைச் சட்டத்தில் தெளிவாகப் போடுங்கள் என்று கேட்பதுதான் போராளிகளுக்கும் பாதுகாப்பு.

7. "உரிமம் வாங்கியவர்கள் எல்லாம் யோக்கியரா?"

இல்லை. அதற்கு நம் வரலாறே போதும். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டிய கங்காணி உரிமம் பெற்றுத்தான் போனார். அந்த உரிமம் கூலிகளைக் கடனிலிருந்தும் வசையிலிருந்தும் காப்பாற்றவில்லை. ஏன்? கங்காணியின் உரிமம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையை ஒழுங்குபடுத்தியது. கூட்டி வரப்பட்டவன் புகார் சொன்னால் கேட்க வேண்டும் என்ற கடமை அதில் முதலிடத்தில் இல்லை. உரிமம் யாருக்குப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. முதலாளிக்குப் பதில் சொன்னால் அது முதலாளியின் கருவி. அமைச்சருக்கு மட்டும் பதில் சொன்னால் அமைச்சரின் கருவி. உதவி பெறுகிறவருக்குப் பதில் சொன்னால்தான் அது ஏழையின் கேடயம்.

உரிமம் தவறே நடக்காது என்று வாக்குக் கொடுப்பதில்லை. தவறு செய்தவர் அடுத்த தோட்டத்துக்குப் போய் அதே தவறை மீண்டும் செய்ய முடியாது என்ற வாக்கை அது கொடுக்கும். ரிங்லெட்டில் பெயர் கெட்டவர் கம்போங் ராஜாவில் புதிய அமைப்பின் பெயரில் பலகை மாட்ட இன்று எந்தத் தடையும் இல்லை. பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கினால் அந்தக் கதவு மூடும்.

இத்தனைக்கும் பிறகு, வருகிற சட்டத்தில் இல்லாமல் போகக் கூடாதவை என நான் கருதுபவற்றைச் சொல்லிவிடுகிறேன். மன்றத்தின் உறுப்பினர்களில் பாதிப்பேராவது தொழிலில் இருப்பவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். உதவி பெற்ற மக்களின் குரலுக்கும் அதில் இடம் வேண்டும். புகாரைத் தமிழில் சொல்லலாம், எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம், தொலைபேசியில் சொல்லலாம், தோட்டத்தைவிட்டு ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் சொல்லலாம் என்று எழுதப்பட வேண்டும். வங்காளதேசத் தொழிலாளியும் செமாய்த் தாயும் அதே புகாரை அவரவர் மொழியில் சொல்ல வழி வேண்டும். அனுபவசாலிகளுக்குப் போதுமான மாறுகாலமும் கட்டண விலக்கும் வேண்டும். உட்பகுதிகளில் பணியாற்றும் உரிமம் பெற்றவருக்குக் கூடுதல் படி வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் பெற்றவர்கள் எல்லாரும் கோலாலம்பூரிலேயே இருந்துவிடுவார்கள், மலைக்குப் பழையபடி நல்ல மனம் மட்டுமே வந்து சேரும்.

தன்னார்வலர்களிடம் ஒரு வார்த்தை. உங்களை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் பல குடும்பங்கள் பசியில் கிடந்திருக்கும். ஆனால் உங்களிடம் உதவிக்கு வந்தவர் உங்களைக் கேள்வி கேட்க முடியாத நிலையில் வந்தார் என்பதை மறக்காதீர்கள். அவர் சார்பில் சட்டம் உங்களைக் கேள்வி கேட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சிக்கு முன்வாருங்கள், பதிவுக்கு முதல் ஆளாக நில்லுங்கள். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்த்து, 2010-இல் இசைவு பெற்ற சட்டம் எங்கே என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அதன் ஒவ்வொரு பிரிவையும் படியுங்கள்.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்க உரிமம் வேண்டும் என்று நூறு ஆண்டுக்கு முன்பே முடிவு செய்தார்கள். தோட்டத்துக் காயத்துக்கு மருந்து போடப் பதிவு வேண்டும் என்று 1965-இல் முடிவு செய்தார்கள். தோட்டத்துத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் முடிவுக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்த அளவு தகுதிகூடத் தேவையில்லை என்று சொல்ல இனி யாருக்கும் நியாயம் இல்லை.